இடது கன்னம்

சாயப்பட்டறையின் முற்றத்தில் இரண்டு தொட்டிகள் அருகருகே இருந்தன. அவற்றுள் ஒன்று உயிரோடிருந்தது, மற்றொன்று செத்திருந்தது. தொட்டிக்கு உயிர் உண்டு என்று சொன்னால் வெளியார் சிரிப்பர். பட்டறைக்குள் ஒருவரும் சிரிப்பதில்லை. நீலச் சாயத்துக்குத் தவிடும் சுண்ணாம்பும் வேளை தவறாமல் ஊட்ட வேண்டும். தொட்டியைச் சுற்றிப் புதைத்த தணலை அணையாமல் காக்க வேண்டும். மழைநீர் உள்ளே இறங்காதபடி மூடி வைக்க வேண்டும். அவ்வாறு காத்து வந்தால், அதில் முக்கியெடுத்த துணி பச்சையாக வெளிவந்து, காற்றுப் பட்டதும் கண்ணெதிரிலேயே நீலமாக மாறும். காக்கத் தவறினால் தொட்டி அழுகிவிடும். அழுகிய தொட்டியில் எதை முக்கினாலும் நிறம் பற்றாது. நாற்றம் மட்டுமே பற்றும்.

பெரிய தொட்டி ஒரு மழைநாள் பிற்பகலில் செத்தது. வானம் திடீரென்று இருண்டதும் பட்டறையார் அனைவரும் காயப்போட்ட துணிகளை அள்ளுவதற்காகப் பின்புறத்து மைதானத்துக்கு ஓடினர். தொட்டிகளை மூடும் பொறுப்பு, கணவனை இழந்த ஒரு பெண்ணுடையது. நெடுங்காலமாக அத்தொட்டிகளைக் காத்து வந்தமையால் அவளை யாவரும் தொட்டிக்காரி என்றே அழைத்தனர். அன்று அவள் சிறிய தொட்டியை மூடினாள், பெரியதை மூடவில்லை. நனைந்த துணிகளோடு ஆட்கள் திரும்பி வந்தபோது பெரிய தொட்டி வாய் திறந்து கிடந்தது. மழை அதனுள் கொட்டிக்கொண்டிருந்தது. தணல் அவிந்து புகைந்துகொண்டிருந்தது. தொட்டிக்காரி கிடங்கு அறையிலிருந்து கூந்தலை முடிந்தபடியே ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் கிடங்கின் பின்கதவு படீரென்று அடித்துக்கொண்டது. கதவுக்கு வெளியே, சேற்றில், ஓர் ஆணின் செருப்புத் தடங்கள் இருந்தன. இன்னார் தடம் என்று எவரும் கண்டுகொள்ளுமுன் மழை அவற்றைக் கரைத்துவிட்டது.

அத்தடங்கள் மேஸ்திரியுடையவை. பட்டறைக்குத் தலைவர் அவரே. வேலை பங்கிடுபவரும், வழக்குத் தீர்ப்பவரும், கூலி உயர்வுக்காக முதலாளியின் வாசலில் போய் நிற்பவரும் அவரே. அன்று அவர் தவிட்டு மூட்டையைத் தலையில் சுமந்து, முன்வாசல் வழியாக நனைந்துகொண்டே வந்து, "என்னம்மா இது, தொட்டி திறந்து கிடக்கு?" என்று கேட்டார். அவர் குரலில் வியப்பு அவ்வளவு இயல்பாக இருந்ததைக் கேட்டுத் தொட்டிக்காரி ஒரு கணம் மலைத்துப் போனாள்.

அவள் தன் தவறை மறுக்கவில்லை. "நான்தான் மூடாம விட்டேன்" என்றாள். உள்ளே யாருடன் இருந்தாள் என்பதை மட்டும் சொல்ல மறுத்தாள். மறுத்ததற்குக் காரணம் மேஸ்திரி மீதிருந்த அன்பு மட்டுமன்று, அவளுடைய தம்பி.

நனைந்த துணிகளைக் கழியில் மாட்டி முறுக்கிப் பிழிவது தம்பியின் வேலை. ஆதலால் அவனைப் பிழிகாரன் என்பார்கள். பெற்றோர் இறந்தபின் அவனை வளர்த்தவள் அக்காள்தான். ஒருமுறை தெருமுனையில் ஒருவன் அவளைப் பார்த்து ஏதோ கேலி பேசினான் என்பதற்காக, அவன் தாடையைப் பிழிகாரன் குத்தி உடைத்தான். சிறைக்கும் போய் வந்தான். இன்னொருமுறை கை நீட்டினால் வெளியே வருவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று நீதிபதியே சொல்லி அனுப்பியிருந்தார். மேஸ்திரியின் பெயர் தம்பியின் காதில் விழுந்தால் என்ன நிகழும் என்பதைத் தொட்டிக்காரி எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அவன் கைகளைத் தினமும் சோற்றுத்தட்டின் அருகில் பார்க்கிறவள் அவள்.

"நானே முன்னால வந்து சொல்லிடறேன்" என்று மேஸ்திரி மறுநாள் கிடங்கு மறைவில் மெல்லச் சொன்னார்.

"வேணாம். என் தம்பி உங்களைக் கொன்னுடுவான். அவனும் தொலைஞ்சு போவான்."

"சரி" என்றார் அவர். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து சற்று விரைவாகவே வந்தது. அதையும் அவள் கவனித்தாள்.

இரு நாட்கள் கழித்து, காலையில், வீட்டில் அவள் தலைவாரிக்கொண்டிருந்தாள். பிழிகாரன் கதவை மறித்து நின்றான்.

"பேரைச் சொல்லு அக்கா."

"சாப்பிட்டுட்டு வா. நேரமாச்சு."

"பேரைச் சொன்னா இடது கன்னம் தப்பிக்கும். அதுக்காகத்தான் கேக்குறேன்."

"நீ எதுக்காகக் கேக்குறேன்னு எனக்குத் தெரியாதா? உன் கையைப் பாரு."

அவன் குனிந்து பார்த்தான். இரு கைகளும் அவன் அறியாமலே முஷ்டிகளாக இறுகியிருந்தன. அவற்றை விரிக்க முயன்றான், இயலவில்லை.

"நானும் வரிசையில நிக்கணும். உன் கன்னத்துல நானும் கை வைக்கணும். அதை யோசிச்சியா நீ?"

"யோசிச்சேன். மத்தவங்க மாதிரி விரலை விரிச்சு வை. அது போதும்."

அவன் அவளை அடிக்கவில்லை. அவள் முகம் தெரிந்த கண்ணாடியை அடித்தான். ஓங்கிய குத்தில் கண்ணாடி சுவரோடு சிதறிற்று. சில்லுகள் அவள் மடியில் விழுந்தன. அவன் விரற்கணுக்களிலிருந்து இரத்தம் தரையில் சொட்டியது. அவள் சில்லுகளைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு துணியைக் கிழித்து அவன் கையைக் கட்டினாள்.

"புதுக் கண்ணாடி வாங்கணும்" என்றாள். "இன்னைக்கு அவசரமில்ல. கொஞ்ச நாளைக்கு எனக்குக் கண்ணாடி ஆகாது."

பட்டறையில் பெரும்பிழை செய்தவரைக் காவல் நிலையத்துக்கு அனுப்புவதில்லை. வேலையை விட்டு நீக்குவதுமில்லை. அவர் முகத்தில் கை பதிப்பார்கள். பட்டறையார் ஒவ்வொருவரும் உயிருள்ள தொட்டியில் மணிக்கட்டு வரை கையை முக்கி, உள்ளங்கையை விரித்து, குற்றவாளியின் கன்னத்தில் ஒருமுறை அறைய வேண்டும். சாயத்தொழிலாளரின் கைகள் எப்போதுமே நீலமாக இருப்பவை. ஆதலின் கையிலுள்ள நீலம் உழைப்பின் அடையாளம், முகத்திலுள்ள நீலம் குற்றத்தின் அடையாளம். தோல் உரிந்து நிறம் போகும்வரை அவரோடு எவரும் பேசுவதில்லை. பேருந்தில் அவர் அருகே எவரும் அமர்வதில்லை. கடைக்காரன் மீதிச் சில்லறையைக் கையில் தராமல் பலகையில் வைப்பான். ஊரார் அனைவருக்கும் அந்த நிறத்தின் பொருள் தெரியும்.

வலது கன்னம் தான் செய்த பிழைக்கு. இடது கன்னம் தான் மறைக்கும் ஆளுக்கு. பெயரைச் சொல்லிவிட்டால் இடது கன்னத்தைத் தொடமாட்டார்கள். சொல்ல மறுத்தால், மறைந்திருப்பவனுக்கு உரிய அடியையும் மறைப்பவளே வாங்க வேண்டும். முதற்கை தலைவருடையது. அவர் பதித்த நிறம் பச்சையிலிருந்து நீலமாக ஏறிய பிறகே அடுத்த கை விழலாம். நிறம் ஏறிற்று என்று உரைக்கும் உரிமை மேஸ்திரியின் மனைவிக்கு மட்டுமே உண்டு. பட்டறைத் துணிகளின் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவள் அவள்தான். எல்லாருக்கும் அவள் அண்ணி.

இவை தவிர ஒரு நம்பிக்கையும் வழங்கி வந்தது. மறைந்திருக்கும் ஆள் தானே வரிசையில் நின்று இடது கன்னத்தில் சாயக்கை பதித்தால், அந்தக் கை தோளிலிருந்து வாடிச் சுள்ளியாகிவிடும் என்பார்கள். முன்பொரு காலத்தில் அவ்வாறு ஒருவனுக்கு ஆயிற்று என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் மேஸ்திரி சிரிப்பார். எனினும் சிரித்து முடித்ததும் பேச்சை மாற்றிவிடுவார்.

அன்று தொட்டிக்காரியை முற்றத்தின் நடுவே, இரு தொட்டிகளுக்கும் எதிரில், துணி காயப்போடும் கம்பத்தோடு கைகளைப் பின்னால் வைத்து நிற்கச் சொன்னார்கள். கட்டவில்லை, கட்டுவது வழக்கமில்லை. ஓடுகிறவர் ஓடலாம், ஆனால் திரும்பி வர இயலாது.

"பயப்படாதே" என்றான் ஓட்டைவாய். சுண்ணாம்பு கரைக்கும் அந்தக் கிழவன் ஒருகாலத்தில் துணி திருடிக் கை பதிக்கப்பெற்றவன்; அப்போது ஒரு பல்லை இழந்தவன். "என் பல்லு ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பல் டாக்டர்கிட்டப் போயிருந்தா ஊசி வேற போட்டிருப்பான். உனக்கு நீலம் எடுப்பா இருக்கும், பாரேன்."

ஒரு சிலர் சிரித்தனர். அண்ணி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டனர்.

மேஸ்திரி முன்வந்து நின்றார். வெளுத்த சட்டையின் கைகளை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். "கடைசியாக் கேக்குறேன். உள்ள யாரு இருந்தது?"

தொட்டிக்காரி அவர் முகத்தைப் பார்த்தாள். சுண்ணாம்பு பட்டு அவள் விரலிடுக்குகள் வெடித்தபோதெல்லாம் எண்ணெய் தடவிவிட்டவர் அவர். அவ்வளவு மெல்லத் தடவுவார். அந்த விரல்கள் இப்போது சட்டைக்கையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தன.

"சொல்ல மாட்டேன்" என்றாள்.

"அப்போ ரெண்டு கன்னமும்."

வரிசையில் நின்ற பிழிகாரனின் தொண்டையிலிருந்து ஓர் ஒலி எழுந்தது. ஓட்டைவாய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான்.

மேஸ்திரி சிறிய தொட்டிக்குச் சென்று கையை முக்கி வந்து, அவள் வலது கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அவள் தலை கம்பத்தில் மோதித் திரும்பியது. மெல்ல அடிப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு ஓங்கி அடிப்பார் என்றும் எதிர்பார்க்கவில்லை. காதுக்குள் ஒரு கூர்மையான ரீங்காரம் எழுந்தது. சாயத்திலிருந்த சுண்ணாம்பு கன்னத்தில் எரிந்தது. ஐந்து விரல்களும் பச்சையாகத் தெரிந்து, மெல்ல மெல்லக் கருத்து நீலமாயின.

"ஏறிடுச்சு" என்றாள் அண்ணி.

அதன்பின் கைகள் வரிசையாக வந்தன. முதலில் வந்த குள்ளக்கா, நாள்தோறும் அவளோடு ஒரே தட்டில் பகல் உணவு உண்பவள். பெரிய தொட்டி செத்ததால் அவளுடைய பல மாத உழைப்பும் செத்தது. "என் புள்ளைங்க வயித்துல அடிச்சியேடி" என்று பற்களைக் கடித்துக்கொண்டே சொல்லி, கீழிருந்து மேலாக வீசி அறைந்தாள். தொட்டிக்காரியின் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. அடுத்த கை அந்தக் கிழிசலின் மேலேயே விழுந்தது. அதற்கடுத்தது கண்ணோரத்தில் விழ, சாயம் கண்ணுக்குள் புகுந்து கண் தீப்பற்றியது போல் எரிந்தது. அவள் அலறவில்லை, அலறுவதற்கு வாயைத் திறந்தால் அதற்குள்ளும் சாயம் போகும் என்பது பழக்கத்தால் அவளுக்குத் தெரியும். சிலர் முகத்தைப் பாராமல் அறைந்தனர். சிலர் நன்றாகப் பார்த்து, இடம் தேர்ந்து அறைந்தனர். நிறம் தேய்க்கும் ஒருத்தி அறைந்துவிட்டு, தன் கையில் ஒட்டியிருந்த இரத்தத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கறை போகுமா என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்.

ஓட்டைவாய் உள்ளங்கையைக் குவித்து, பெரும் ஓசை எழும்படி அறைந்தான். ஓசையளவுக்கு வலியில்லை. "சத்தம்தான் பெருசு. மூஞ்சியைச் சுளிச்சுக்கோ, இல்லேன்னா என்னை மறுபடி அடிக்கச் சொல்லுவாங்க" என்று காதருகே முணுமுணுத்துவிட்டு நகர்ந்தான்.

இறுதியில் பிழிகாரன் வந்தான். சாயத்தில் நனைந்த கட்டுத்துணியிலிருந்து நீலமும் சிவப்புமாக நீர் வடிந்தது.

"சொல்லிடு அக்கா. கெஞ்சிக் கேக்குறேன்."

"விரலை விரி."

அவன் கண்களை மூடிக்கொண்டு அறைந்தான். ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து உரமேறிய கை அது. அவள் கால்கள் தரையை விட்டு நழுவின. பக்கவாட்டில் சாய்ந்து, முழங்கால் கல்லில் இடிபட விழுந்தாள். வாயில் எதுவோ கடினமாக உருண்டது. துப்பினாள். பல். பிழிகாரன் தன் உள்ளங்கையை, அது வேறு யாருடையதோ என்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவளைத் தூக்கி மீண்டும் கம்பத்தருகே நிறுத்தினார்கள். வலப்பக்க முகம் வீங்கி ஒரே நீலமாகியிருந்தது, கண் மூடிக்கொண்டது. இடது கன்னம் தூய்மையாக இருந்தது.

மேஸ்திரி மீண்டும் தொட்டிகளை நோக்கி நடந்தார். கூட்டத்தின் பார்வை அவளுடைய முகத்தின் மேலிருந்தது. அவரது அகன்ற முதுகு இரு தொட்டிகளையும் மறைத்தது. அவர் குனிந்தார், நிமிர்ந்தார், நீர் சொட்டும் கையோடு வந்தார். இடது கன்னத்தில் முன்னைப் போலவே ஓங்கி அறைந்தார்.

அடிக்கு முன்பே அவளைத் தாக்கியது நாற்றம். ஊறிப் புளித்த தவிட்டின் மணம் அன்று அது, அழுகலின் நாற்றம். அத்தொட்டிகளின் மணத்தை மூச்சுக்காற்றாகக் கொண்டு வாழ்ந்தவள் அவள். மேஸ்திரி கையை முக்கியது செத்த தொட்டியில்.

கூட்டம் நிறம் ஏறுவதற்காகக் காத்திருந்தது. கன்னத்தில் ஐந்து விரல்களும் அடிபட்ட சிவப்பாக எழும்பித் தெரிந்தன. அவற்றின் மேல் கலங்கிய நீர் வழிந்தது. பச்சை தோன்றவில்லை. நீலமும் தோன்றவில்லை. ஒரு துணியை முறுக்கிப் பிழியும் நேரம் கடந்தது. இன்னொரு துணியைப் பிழியும் நேரமும் கடந்தது. அண்ணி வாய் திறக்கவில்லை.

"ஏறல" என்றான் ஓட்டைவாய் வியப்போடு. "ஏறவே இல்ல. அடேய், இடது கன்னத்துல நிறம் பிடிக்கல. அப்படின்னா மறைக்கிறதுக்கு ஆளே இல்லைன்னுதானே அர்த்தம்?"

முணுமுணுப்புப் பரவியது. தொட்டியே சாட்சி சொல்லிவிட்டது என்றார்கள். கதவு காற்றில் அடித்திருக்கும், செருப்புத் தடம் எவனோ வழிப்போக்கனுடையதாக இருக்கும் என்றார்கள். சற்று முன் அவள் கண்ணோரம் பார்த்து அடித்த பெண், "நான் அன்னைக்கே சொன்னேன், இவ அப்படிப்பட்டவ இல்லன்னு" என்றாள்.

பிழிகாரன் அக்காளின் காலடியில் மண்டியிட்டு விழுந்தான். "ஆளே இல்லையா? ஏன் அக்கா சொல்லல? தூங்கிட்டியா உள்ள? அசதில தூங்கிட்டியா? சொல்லக் கூச்சப்பட்டியா?" என்று அழுதுகொண்டே கேட்டான். அவன் முஷ்டிகள் அவிழ்ந்துவிட்டன. விரிந்த விரல்களால் அவள் பாதங்களைப் பற்றியிருந்தான்.

அவள் ஒரு தலையசைப்பில் ஆமென்று சொல்லியிருக்கலாம். தம்பி பிழைத்திருப்பான். யாவும் அத்தோடு முடிந்திருக்கும். அவள் தலையசைக்கத்தான் போனாள்.

"சரி, முடிஞ்சுது" என்றார் மேஸ்திரி, எல்லோருக்கும் முந்திக்கொண்டு. "தொட்டி சொல்லிடுச்சு. ஆள் இல்ல. எல்லாரும் வேலையைப் பாருங்க."

"நில்லுங்க" என்றாள் அண்ணி.

அவள் நிதானமாக நடந்து வந்து, தொட்டிக்காரியின் இடது கன்னத்தைத் தன் முந்தானை முனையால் துடைத்தாள். துணி சாம்பல் நிறமாயிற்று, கன்னம் தெளிந்தது. அண்ணி அந்த முனையை மூக்கருகே கொண்டு சென்றாள். அடுத்துக் கணவரிடம் திரும்பி, "கையைக் குடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"குடுங்கன்னா குடுங்க."

அவர் தரவில்லை. அவளே மணிக்கட்டைப் பற்றித் தூக்கி முகர்ந்தாள்.

"எந்தத் தொட்டியில முக்குனீங்க?"

"கவனிக்கல. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதானே இருக்கு."

"இருபது வருஷமா இந்த முற்றத்துல நிக்கிறீங்க. கண்ணைக் கட்டி விட்டாலும் வழி தெரியும் உங்களுக்கு. வலது கன்னத்துக்கு உயிருள்ள தொட்டி தெரிஞ்சுது. இடது கன்னத்துக்கு மட்டும் தெரியலையா?"

"அந்தப் பொண்ணு ஏற்கெனவே ரத்தமும் காயமுமா நிக்குது. பாவமா இருந்துச்சு. நிறமாவது ஏறாம இருக்கட்டும்னு…"

"பாவம் பார்த்தவரு மெல்லத்தானே அடிச்சிருக்கணும்?" என்றாள் அண்ணி. "அடி ஓங்கித்தான் விழுந்துச்சு. சாயம் மட்டும்தான் விழல. அவ கன்னத்துக்காகவா பயந்தீங்க, உங்க கைக்காகவா?"

மேஸ்திரி அறியாமலே வலக்கையை மார்போடு சேர்த்து, இடக்கையால் மூடிக்கொண்டார். வேறு விடை எதுவும் தேவைப்படவில்லை.

தொட்டிக்காரிக்கு அக்கணத்தில் வலியெல்லாம் தொலைவுக்குப் போய்விட்டது. அவர் தன்னைக் காப்பதற்காகச் செய்தார் என்றுதான், நாற்றம் வந்த அந்தக் கணத்தில், அவள் மனத்தின் ஒரு மூலை நம்பியிருந்தது. இப்போது அந்த மூலையும் அவிந்துவிட்டது. ஆயினும் அதை எண்ணி நிற்க நேரமில்லை. காலடியிலிருந்த தம்பி எழுந்துகொண்டிருந்தான்.

சாயம் துழாவும் கட்டைக்கோல் சிறிய தொட்டியின் மேல் குறுக்காகக் கிடந்தது. அதை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்தான். வழியில் நின்ற ஓட்டைவாயைத் தோளால் இடித்துத் தள்ளினான். கிழவன் சுண்ணாம்புக் குவியலில் போய் விழுந்தான். மேஸ்திரி பின்னோக்கி ஓரடி வைத்தார். முதுகு கம்பத்தில் முட்டியது. கோலின் முதல் வீச்சு கம்பத்தில் பட்டு, மேலிருந்த கம்பிகளெல்லாம் அதிர்ந்தன. இரண்டாவது வீச்சு அவர் தோளில் விழுந்தது. எலும்பு நொறுங்கும் ஒலி அனைவர்க்கும் கேட்டது. அவர் மடங்கி உட்கார்ந்தார். மூன்றாவது தலைக்கு. கோல் பிழிகாரனின் தலைக்கு மேலே, கைகள் போகும் உயரமெல்லாம் போய் நின்றது.

தொட்டிக்காரி இடையில் புகுந்து இடக்கையை உயர்த்தினாள்.

கோல் முழங்கைக்குக் கீழே இறங்கியது. கை, மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியது. அதுவரை அலறாதவள் அப்போது அலறினாள். அந்த அலறலில் முற்றமே நின்றுவிட்டது.

பிழிகாரன் கோலைக் கைவிட்டான்.

"அக்கா…"

"இதுக்காடா?" அவளால் மூச்சுவிட முடியவில்லை. கிழிந்த உதடு சொற்களைச் சரியாக விடவில்லை. "இதுக்காடா இத்தனை அடியையும் வாங்கினேன்? உன்னை உள்ள அனுப்பவா?"

"அவனை விட்டுடச் சொல்றியா?"

"விடச் சொல்லல. கோலைத் தொடாதேங்குறேன்."

மேஸ்திரி தரையில் கிடந்தபடியே முனகினார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க… தோளு… யாராவது வண்டி கூப்பிடுங்க." ஒருவரும் அசையவில்லை. சற்று முன்வரை அவர் சொற்படி நடந்த கூட்டம், இப்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அது எந்தப் பார்வை என்று தொட்டிக்காரிக்குத் தெரியும். இடம் தேரும் பார்வை.

"கை பதிக்கணும்" என்றாள் குள்ளக்கா.

"பதிக்கணும்" என்றனர் பலர்.

சுண்ணாம்பு அப்பிய முகத்தோடு எழுந்து வந்த ஓட்டைவாய், இத்தகைய வேளையிலும் வழக்கைப் பிளந்து பார்க்கும் ஆசையை விடவில்லை. "வலது கன்னம் சரி. இடது கன்னம் மறைக்கிற ஆளுக்குத்தானே? இப்போதான் மறைஞ்ச ஆள் வெளிய வந்தாச்சே. இடது கன்னத்தை விட்டுடலாம்ல?"

அண்ணி தன் கணவரை மேலிருந்து கீழே பார்த்தாள். அவள் கண்களில் நீர் இருந்தது, குரலில் இல்லை. "இவரும் ஒரு ஆளை மறைச்சாரு. தன்னைத்தான் மறைச்சாரு. ரெண்டு கன்னமும்."

"என்னம்மா நீயே…" என்று தொடங்கிய மேஸ்திரி, அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

இருவர் அவரைத் தூக்கிக் கம்பத்தில் சாய்த்தனர். தொங்கிப்போன தோளைப் பிடித்துத் தூக்கியதில் அவர் வீறிட்டார். அதன்பின் ஒரு தயக்கம் ஏற்பட்டது. முதற்கை தலைவருடையது, தலைவரோ கம்பத்தில் நிற்கிறார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இறுதியில் எல்லாருடைய கண்களும் தொட்டிக்காரியிடம் வந்து நின்றன.

ஒடிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் சிறிய தொட்டிக்கு நடந்தாள். வலக்கையை மணிக்கட்டு வரை முக்கினாள். தொட்டி இளஞ்சூடாக இருந்தது. அதன் மேல் மிதந்த நுரையில் செம்பின் மினுமினுப்புத் தெரிந்தது. நல்ல நிலையில்தான் இருக்கிறது, நாளைக்குத் தவிடு போட வேண்டும் என்ற எண்ணம், இவ்வளவுக்கும் நடுவே, அவளையும் கேளாமல் வந்து போயிற்று.

அவர் எதிரில் வந்து நின்றாள். "நீயுமா?" என்றார் அவர், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "உனக்கு எண்ணெய் தடவிவிட்ட கை இது."

"இந்தக் கைதான் என்னை ரெண்டு தடவை அடிச்சுது" என்றாள் அவள்.

அறைந்தாள். உடலில் எஞ்சியிருந்த வலுவெல்லாம் அந்த அடியில் போயிற்று. அவர் மூக்கிலிருந்து இரத்தம் குதித்தது. வலது கன்னத்தில் அவளது சிறிய உள்ளங்கை பச்சையாகப் பதிந்தது. அவள் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். துணியில் எத்தனையோ முறை பார்த்த மாற்றந்தான். ஓரங்களில் முதலில் கருத்து, பின் உள்நோக்கிப் பரவி, விரல் விரலாக நீலமாயிற்று. அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏறிடுச்சு" என்றாள் தொட்டிக்காரி.

வரிசை நகர்ந்தது. குள்ளக்கா கீழிருந்து மேலாக வீசினாள். நிறம் தேய்ப்பவள் இடம் தேர்ந்து அடித்தாள். ஓட்டைவாய் இம்முறை உள்ளங்கையைக் குவிக்கவில்லை. கைகள் விழ விழ மேஸ்திரியின் தலை இருபுறமும் உருண்டது. வலது கன்னம் முடிந்து இடது கன்னம் தொடங்கியபோது அவர் அழுவதையும் நிறுத்திவிட்டார். தொட்டிக்காரி அவர் பக்கத்திலேயே, விழாமல், கம்பத்தைத் தோளால் முட்டுக்கொடுத்து நின்றாள். அவள் அங்கே நின்றது அவரைப் பார்ப்பதற்காக அன்று.

அதுவரை விலகி நின்ற தம்பி வரிசையின் இறுதியில் வந்தான். தொட்டியில் முக்கிய கை நீலமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அது இறுகி, கணுக்கள் புடைத்து, ஒரு கல்லைப் போலிருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. மேஸ்திரியின் நெற்றிப்பொட்டைப் பார்த்தான். தோள் பின்னால் போயிற்று.

"விரலை விரிடா" என்றாள் அக்காள்.

அவன் தோள் அப்படியே நின்றது. முதலில் சுண்டுவிரல் அசைந்தது. அதற்குப் பின், ஒவ்வொன்றாகப் பிடுங்கியெடுப்பதைப் போல, மற்ற விரல்களும் விரிந்தன.